கம்பு நேப்பியர் பூத்தும் விதை தராதது ஏன்? விதைத்து, மேய்ச்சலுக்கு விடக்கூடிய கலப்பினப் புல் உண்டா?

கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து பிறந்த தீவனப் புல்தான் கம்பு நேப்பியர். முதல் கேள்விக்கு என் மடத்தனமே சான்று. கரணை வெட்டி நடும் வேலை மிச்சமாகுமே என்று ஒரு வரிசையை அறுக்காமல் விட்டேன். மெலிந்த கம்பங்கதிர் போலக் கதிர் வந்தது. காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினேன். உமி பறந்தது, கையில் ஒன்றுமில்லை. நம்பாமல் இன்னும் இருபது கதிர்களைக் கசக்கினேன். அதற்குள் தண்டு கழியாக முற்றிவிட்டது. மாடுகள் இலையை மட்டும் உருவிக்கொண்டு மீதியை ஒதுக்கித் தள்ளின.

கம்புக்கு 14 குரோமோசோம்கள், நேப்பியருக்கு 28. ஆளுக்குப் பாதி கொடுக்கும்போது பிள்ளைக்கு 21. மகரந்தமும் சூலும் உருவாகும் நேரத்தில் அவை ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். 21-ஐ எப்படிப் பிரித்தாலும் சரிபாதி வராது. நேப்பியர் வழி வந்த ஏழு, துணையின்றி நிற்கும். விளைவு, பதர். கோல்சிசின் என்ற வேதிப்பொருளால் எண்ணிக்கையை இரட்டித்து 42 ஆக்கினால் விதை பிடிக்கும். ஆனால் அறுத்துப் போடும் தீவனத்துக்கு மலடு ஒரு குறையே அல்ல. கரணையிலிருந்து முளைப்பது தாய்ப்பயிரின் அச்சு அசல்.

அதில் மாட்டை அவிழ்த்து விடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். தண்டு உயர உயர வளரும் நுனியும் மேலேறிவிடும். ஒரே கடியில் அது போய்விடும், மீதி மிதிபடும். மேய்ச்சலுக்கு வேண்டியது தாழ்வாகத் தூர் கட்டும் புல். பரந்த நிலத்தில் கரணை ஊன்றி மாளாது, விதையும் வேண்டும்.

இங்கேதான் பிராக்கியாரியா புற்கள் வருகின்றன. இவற்றில் பல, அபோமிக்சிஸ் என்ற முறையில் விதை கட்டும். விதைக்குள் இருக்கும் உணவு சேர மகரந்தம் தேவைப்படலாம்; கருவில் மட்டும் தந்தைக்குப் பங்கில்லை. விதை முளைத்தால் தாயே மறுபடி வரும். விவசாயிக்கு வரம், கலப்பினம் உருவாக்குபவருக்குத் தலைவலி: தாய் கலக்கவே மறுக்கிறதே! பாலின முறையில் விதை கட்டும் ருசிசியென்சிஸ் என்ற பிராக்கியாரியா இனத்துக்குக் குரோமோசோம் எண்ணிக்கை மற்றவற்றில் பாதி. 1980-களில் பெல்ஜியத்தில் கோல்சிசினால் அதை இரட்டித்த பிறகே கலக்க ஒரு தாய் கிடைத்தது. அதை வைத்துக் கொலம்பியாவிலுள்ள சியாட் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கலப்பினப் புற்களில் முலாட்டோ 2001-லும், முலாட்டோ 2 2005-லும் வெளிவந்தன. முதலாவதில் விதை மகசூல் சொற்பம், அதனால் விலையும் கூடியது. இரண்டாவதில் அது தேறியது.

இடையில் ஒரு சலிப்பான வேலையும் உண்டு. கலப்புச் செடிகளில் ஏறக்குறைய பாதிதான் அபோமிக்சிஸ் குணத்தோடு பிறக்கும். கண்ணுக்கு அழகான செடி மற்ற பாதியில் சேர்ந்தால், அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு ரகமாக முளைக்கும். அதைக் கழித்துவிடத்தான் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது முலாட்டோ 2. நீர் தேங்கும் நிலமாக இருந்தால் வேண்டாம். செம்மறி ஆடுகளை விடுவதானால் முகமும் காதும் வீங்குகின்றனவா என்று கவனியுங்கள். இந்தப் புல் வகையில் சில, வெயில்பட்டுத் தோல் புண்ணாகும் நோயைக் கொடுக்கும். இன்னொன்று, பிராக்கியாரியாவின் புது விதை உமி இறுக்கத்தால் சில மாதங்கள் உறங்கும். அறுத்த கையோடு விதைத்துவிட்டு, முளைக்கவில்லை, இதுவும் பதர் என்று நிலத்தை உழுதுவிடாதீர்கள்.