தயானா 37-ஆ, கிரேலாக் 37-ஆ? கேட்டவர்களுக்குப் பதில்

இரண்டுமே ஏறக்குறைய 37 அடி நீளப் பாய்மரப் படகுகள். இரண்டுக்கும் பின்பக்கமும் அணியம் (முன்முனை) போலவே கூர். இரண்டும் எழுபதுகளின் பிற்பாதியில் பிறந்தவை. தயானா 37-ஐ ராபர்ட் பெரி வரைந்தார், தைவானின் தா யாங் பட்டறை கட்டியது. மற்றது கிரேலாக் என்பவர் வரைந்தது. அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1980 முதல் பசிபிக் சீகிராஃப்ட் என்ற நிறுவனம் கட்டியது. பழைய படகாக வாங்கினால் எது தேவலை என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நான் வைத்திருந்தது தயானா. அந்தச் சாய்வு எங்காவது எட்டிப்பார்த்தால் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: சார், தயானா மூன்று டன் கூடுதல் கனம். அப்படியானால் மெதுவாகத்தானே போகும்?

நிறையப் பேர் விழும் குழி இது. தயானா 22,500 பவுண்டு, கிரேலாக் 16,000 என்பது உண்மைதான். ஆனால் எடையைத் தனியாகப் பார்க்கக் கூடாது, நீர்க்கோட்டின் நீளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தயானா தண்ணீரில் 31 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறது, கிரேலாக் 27 அடி 9 அங்குலம்தான். வழக்கமான எடை-நீள விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: தயானாவுக்கு 337, கிரேலாக்குக்கு 334. அதனதன் நீளத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கனம்!

நீர்க்கோடு நீளமாக இருந்தால் உச்ச வேகமும் கூடும். கணக்குப்படி தயானாவுக்கு 7.5 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), கிரேலாக்குக்கு 7.1. நல்ல காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது தயானா முந்தும். காற்று செத்துப்போனால் கதை மாறும். தயானாவின் கீல், அதாவது அடியில் துருத்தி நிற்கும் தண்டு, முழுநீளம் என்பதால் தண்ணீரில் உரசும் பரப்பு அதிகம். கிரேலாக் நகரும், தயானா யோசித்துக்கொண்டு நிற்கும். எதிர்க்காற்றில் ஏறுவதிலும் கிரேலாக்தான்.

கேள்வி: அண்ணா, பின்பக்கம் கூராக இருந்தால் துரத்தி வரும் அலை பிளந்து போய்விடுமாமே?

அலைக்கு அது தெரியாது தம்பி. பின்னாலிருந்து அலை வரும்போது படகின் பின்பகுதி சட்டென்று மிதந்து எழ வேண்டும். அதற்கு அங்கே பருமன் வேண்டும், கூர் அல்ல. இந்த இரண்டு படகும் பின்னால் ஓரளவு பருமனாகவே இருப்பதால் தப்பித்தன. கூரால் உறுதியாக நடப்பது ஒன்றுதான்: பின்னால் சாமான் வைக்கும் இடம் போய்விடும். அழகுக்காக வாங்குகிறேன் என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி: நான் பார்த்த தயானாவில் தேக்கு மேல்தளம் பளபளவென்று இருக்கிறது. அது நல்லதுதானே?

எனக்கு வயிற்றைக் கலக்குவதே அந்தப் பளபளப்புதான். பழைய தயானாக்களில் தேக்குப் பலகைகளைக் கண்ணாடியிழைத் தளத்தின் மேல் வைத்துத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஓட்டை. தேய்க்கத் தேய்க்கப் பலகை மெலியும், திருகாணித் தலையை மூடிய மரத்தக்கை உதிரும், தண்ணீர் கண்ணாடியிழைக்கு உள்ளே இருக்கும் மரத்துக்கு இறங்கி ஊறும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்றால் சரி. 'பொத்' என்றால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தால் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள்.

அதைவிட மோசமானது செயின்பிளேட். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் வந்து மாட்டும் எஃகுப் பட்டை அது. தயானாவில் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். என் படகில் ஒன்றைக் கழற்றினேன். தளத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி மின்னியது. தளத்துக்குள் இருந்த இரண்டு விரற்கடை மட்டும் காப்பித்தூள் நிறம், குறுக்கே மயிரிழை விரிசல். 'துருப்பிடிக்காத' எஃகுக்குக் காற்றுப்பட வேண்டும். மூச்சுவிட வழியில்லாமல் உப்புத்தண்ணீர் தேங்கிய இடத்தில் அரித்துக்கொண்டே போகும். கிரேலாக்கில் அந்தப் பட்டைகள் படகின் வெளிப்புறத்தில் இருப்பதால் கண்ணால் பார்க்கலாம். எனக்கு அது ஒன்றே பெரிய நிம்மதி.

கேள்வி: துறைமுகத்தில் ரிவர்ஸ் எடுக்க?

தயானாவுக்கு விண்ணப்பம்தான் போடலாம். கிரேலாக்கில் கீல் குட்டை, சுக்கான் தனியாகப் பின்னால். சொன்னால் கேட்கும்.

கேள்வி: படகு கவிழாமலிருக்க அடியில் வைக்கும் அடிப்பாரம், மொத்த எடையில் கிரேலாக்கில் 39 சதவீதம், தயானாவில் 33. தயானா சீக்கிரம் சாயுமா?

சதவீதம் பாதிக் கதைதான். தயானா 11 அடி 6 அங்குல அகலம், கிரேலாக் 10 அடி 10. அந்த அகலமும் படகைத் தாங்கும். ஆனால் கிரேலாக்கின் பாரம் ஈயம், தயானாவில் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதே எடை ஈயத்தில் சின்ன இடத்தில் அடங்கி அடியில் கிடக்கும். சில தயானாக்களில் டீசல் தொட்டி அணியத்தில் வேறு இருக்கிறது, கூடவே நங்கூரச் சங்கிலி. தொட்டியை நிரப்பிக்கொண்டு எதிரலையில் போனால் மூக்கைத் தண்ணீரில் குத்திக் குத்தி எழும். தொட்டி எங்கே என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் ஒரு குழந்தையும். உள்ளே இடம்?

தயானா. ஆனால் வாங்கியவர்கள் கேட்டபடி உள்ளறையைக் கட்டிக்கொடுத்தார்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. படுக்கைகளில் மூவரும் படுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரே விலைக்கு இரண்டும் நின்றால் எதை எடுப்பீர்கள்?

தனியாகவோ ஒருவர் துணையோடோ பெருங்கடல் தாண்ட: கிரேலாக். பாய்கள் சின்னவை, கை வலிக்காது. வருடக்கணக்கில் படகிலேயே குடியிருக்க: தயானா, அதுவும் தேக்கைப் பிய்த்தெடுத்து, தளத்தைப் பூசி, செயின்பிளேட்டை மாற்றிய ரசீதைக் காட்டினால் மட்டும். ரசீது இல்லையென்றால் அலமாரியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் தயங்கினால் கிரேலாக்கைப் பார்க்கப் போய்விடுவேன்.