மேபெல்லின் கட்டைவிரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களிலிருந்து பாப் டிலன், தி பேர்ட்ஸ், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் ஆகியோரின் ஃபோக் ராக் (நாட்டார் இசையும் ராக்கும் கலந்த) பாடல்களைக் கேட்டுவருகிறேன். நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் அமெரிக்காவின் பழைய கன்ட்ரி இசைக் குழுவான கார்ட்டர் குடும்பத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள், தேடிக் கேட்டேன். முதல் நாள் அந்தப் பழைய இசைத்தட்டின் கரகரப்பைத் தாண்டி உள்ளே போகவே முடியவில்லை. பத்தாம் நாள் வேறெதையும் கேட்க மனம் வரவில்லை. கன்ட்ரி இசை என்பது ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த பாட்டு, கறுப்பினத்தவரின் ப்ளூஸ் வேறு மரம் என்று என் அலுவலக நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். எல்லாமே கறுப்பினத்தவரிடமிருந்து எடுத்ததுதான் என்கிறார் இன்னொருவர். உண்மையான வேர் எது? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

நானும் பல ஆண்டுகள் உங்கள் முதல் நண்பரின் கட்சியில் இருந்தவன்தான். அதை ஒரு கட்டுரையில் எழுதியும் வைத்தேன். அது இப்போது என் எந்தத் தொகுப்பிலும் இல்லை. எனவே தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், நீங்கள் பத்து நாள் கேட்ட குடும்பத்தின் ஒரே ஒரு பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

‘வைல்ட்வுட் ஃபிளவர்’ 1928 மே மாதம் நியூ ஜெர்சியில் உள்ள காம்டன் நகரில் பதிவானது. பாடுபவர் சாரா கார்ட்டர். கிதார் வாசிப்பவர் அவருடைய ஒன்றுவிட்ட தங்கையும், அவர் கணவரின் தம்பி மனைவியுமான மேபெல். அப்போது வயது 19. குரலை ஒரு முறை மறந்துவிட்டுக் கிதாரை மட்டும் கேளுங்கள். தடித்த கம்பிகளில் கட்டைவிரல் மெட்டை வாசிக்கிறது. மெட்டின் இரண்டு சுரங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் மற்ற விரல் மெல்லிய கம்பிகளை வருடித் தாளத்தைப் போட்டுவிட்டு விலகிக்கொள்கிறது. இரண்டு பேர் வாசிப்பதாகத்தான் நான் முதலில் நினைத்தேன். பாட்டுக்குப் பின்னால் தாளம் தட்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியம் பாட்டை எடுத்துப் பாடுவதை இங்கே கேட்கலாம். பிற்காலத்தில் ஃபோக் ராக் கிதார் கலைஞர்களில் இந்த வாசிப்பைப் பழகாமல் வந்தவர்கள் குறைவு.

இனி அந்தப் பாட்டின் சொற்கள். காட்டுப் பூக்களைக் கூந்தலில் பின்னும் ஒரு பெண்ணின் பாட்டு. மலைச்சாரலில் யாரோ பெயர் தெரியாதவர் கட்டியது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதன் மூலப்பாட்டு 1860-இல் அச்சாகிக் கடைகளில் விற்கப்பட்டது. இசையமைத்தவர் ஜே.பி. வெப்ஸ்டர். பியானோ இருந்த நடுத்தர வீடுகளின் வரவேற்பறைக்காக எழுதப்பட்ட அந்தப் பாட்டு மலைகளுக்குப் போய், எழுதியவர் பெயரைத் தொலைத்து, வாய்மாறி வாய்மாறிச் சொற்களும் திரிந்து சாராவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் பாடும் பூக்களின் பெயர்களில் ஒன்றுக்கு எந்தத் தாவர நூலிலும் இடமில்லை, ஒரு வரிக்குப் பொருளே இல்லை. அந்தப் பிழையை எவரும் திருத்தவில்லை. இன்றும் பலர் அப்படியேதான் பாடுகிறார்கள். ஆக, உங்கள் இரு நண்பர்களும் சொல்லாத மூன்றாவது வேர் ஒன்று இருக்கிறது: அச்சுக்கூடம்.

அந்தக் குடும்பத்தைக் கண்டெடுத்தவர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வேலை செய்த ரால்ஃப் பியர். 1927 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலுமாக, டென்னசி-வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரில் பழைய தொப்பிக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கிவைத்து, அக்கம்பக்கத்துப் பாடகர்களை வரவழைத்தார். கார்ட்டர் குடும்பமும் கன்ட்ரிப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் சில நாள் இடைவெளியில் அங்கேதான் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். கன்ட்ரி இசையின் பிறந்த இடம் என்று பிரிஸ்டல் தன்னைச் சொல்லிக்கொள்வது இதனால்தான். எனக்கு அந்தப் பட்டத்தைவிடப் பியரின் கணக்குப் புத்தகம் முக்கியமாகப் படுகிறது. அவருக்கு வேண்டியவை பதிப்புரிமை பெறத்தக்க பாடல்கள். ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருக்கும் பாட்டால் அவருக்கு ஆதாயமில்லை. ஆகவே சாராவின் கணவர் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பழைய பாடல்களைச் சேகரித்து, கூட்டியும் குறைத்தும், தன் பெயரில் பதிவு செய்தார். நாட்டார் மரபைக் காப்பாற்றும் பணி என்று நாம் இன்று சொல்வதைச் சந்தைதான் செய்யவைத்தது.

அப்படிப் போனபோது உடன் போனவர் லெஸ்லி ரிடில். கறுப்பினத்தவர்; சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர்; துப்பாக்கி வெடித்து வலது கையில் இரண்டு விரல்களையும் இழந்தவர்; மீதி விரல்களால் கிதார் வாசித்தவர். ஏ.பி. சொற்களை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வார். கறுப்பினத்தவர் வீடுகளிலும் தேவாலயங்களிலும் ஏ.பி.க்குக் கதவு திறந்ததென்றால் அதற்கு ரிடில் ஒரு பெரிய காரணம். 1930-இல் கார்ட்டர் குடும்பம் பதிவு செய்த ‘கானன்பால் ப்ளூஸ்’ அவரிடமிருந்து வந்தது. ஆனால் இங்கே உங்கள் இரண்டாவது நண்பருக்கும் ஒரு வார்த்தை. மேபெல்லின் வாசிப்பு முழுவதையும் ரிடில் கற்றுக்கொடுத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். நாம் மேலே கேட்ட அந்தக் கட்டைவிரல் வாசிப்பு, ஏ.பி. ரிடிலைச் சந்திப்பதற்கு முன்பே இசைத்தட்டில் ஏறிவிட்டது. ரிடிலிடமிருந்து மேபெல் எடுத்துக்கொண்டது இன்னொரு விரல்முறை. நியாயம் செய்ய வேண்டும் என்ற வேகத்தில் தேதிகளை மறந்துவிடக் கூடாது.

சரி, இரண்டு மரங்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இசைத்தட்டுக் கம்பெனிகளின் விலைப்பட்டியலிலிருந்து வந்தது என்றுதான் சொல்வேன். 1920-களில் அவர்கள் கறுப்பினத்தவருக்கு விற்க ஒரு வரிசையும், தென்மாநில வெள்ளையருக்கு விற்க வேறொரு வரிசையும் வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவர் வந்தால் ப்ளூஸ் கேட்டார்கள். அவர் ஃபிடிலும் பேஞ்ஜோவும் நன்றாக வாசிப்பவராக இருந்தாலும் அதைப் பதிவு செய்வது அரிது. கடை அலமாரியில் இருந்த பிரிவினை பிறகு வரலாற்று நூல்களில் ஏறிக்கொண்டது. கிராமத்து நடனத்தில் அப்படி ஒரு சுவர் இருந்ததில்லை. சட்டத்திலும் வாழ்க்கையிலும் சுவர்கள் கொடூரமாக எழுந்து நின்ற அதே ஊர்களில் மெட்டுகள் மட்டும் வேலி தாண்டிக்கொண்டிருந்தன.

பேஞ்ஜோவையே பாருங்கள். அதன் ஐந்தாவது கம்பி குட்டையானது. அதன் முறுக்காணி தண்டின் பாதியிலேயே நின்றுவிடும். வாத்தியத்தைப் பிடித்தால் கட்டைவிரலுக்கு மிக அருகில் வருவது இந்தக் கம்பிதான். அங்கே கனத்த சுரத்தை எதிர்பார்ப்போம். ஒலிப்பதோ மிக உச்சமான சுரம். மெட்டு எங்கே போனாலும் கட்டைவிரல் இதைத் தட்டிக்கொண்டே இருப்பதால் பாட்டின் தலைக்கு மேல் ஒரு சுருதி நிற்கிறது. செனகல், காம்பியா பகுதிகளில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோண்டிங் என்ற சுரைக்குடுக்கை வாத்தியத்திலும் இதே குட்டைக் கம்பி இருக்கிறது. நகத்தால் கம்பியைக் கீழ்நோக்கி அடித்துவிட்டுக் கட்டைவிரலால் குட்டைக் கம்பியைத் தொடும் அதே வாசிப்பும் இருக்கிறது. மலைநாட்டு வெள்ளையரின் அடையாளமாகப் படங்களில் காட்டப்படும் வாத்தியம் அடிமைக் கப்பல்களில் வந்தவர்களின் நினைவிலிருந்து மீண்டும் செய்யப்பட்ட ஒன்று.

உங்கள் முதல் நண்பர் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். ‘பார்பரா ஆலன்’ கதைப்பாடலைக் கேட்டு மகிழ்ந்ததாகச் சாமுவேல் பீப்ஸ் 1666 ஜனவரியில் லண்டனில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்; அந்தப் பாட்டு அப்பலாச்சிய மலைகளில் உயிரோடு இருந்தது. 1916-க்கும் 1918-க்கும் இடையில் இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்களான செசில் ஷார்ப்பும் மாட் கார்பலஸும் அங்கே அலைந்து ஏராளமான மெட்டுகளைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் ஷார்ப் தேடிப்போனது பழைய இங்கிலாந்தை. கிடைத்ததும் அதுதான். அதே முற்றத்தில் ஒலித்த மற்ற சங்கதிகளுக்கு அவர் நோட்டுப் புத்தகத்தில் இடம் குறைவு.

நீங்கள் விரும்பும் ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 1969 ‘லீஜ் அண்ட் லீஃப்’ தொகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கப் பாணியிலிருந்து விலகி, தங்கள் மண்ணின் பாட்டைத் தேடி, லண்டனில் ஷார்ப்பின் பெயரால் அமைந்த மாளிகையின் நூலகத்துக்கு அவர்கள் போனார்கள். அங்கிருந்து எழுந்த தொகுப்பின் நடுநாயகம் ‘மேட்டி குரோவ்ஸ்’. கதை 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சேறியது. குழுவின் பாடகி சாண்டி டென்னி அதைப் பாடும் மெட்டு, ‘ஷேடி குரோவ்’ என்ற அப்பலாச்சியப் பாட்டினுடையது.

பேர்ட்ஸின் 1968 கன்ட்ரித் தொகுப்பில் அழுவதுபோல் வழுக்கிச் செல்லும் ஸ்டீல் கிதார் ஹவாயிலிருந்து வந்தது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டீர்கள். ஹாரி ஸ்மித் 1952-இல் ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காகத் தொகுத்த 84 பழைய பதிவுகளில் தொடங்குங்கள். அவர் எந்தப் பாடகருக்கும் இனம் குறிப்பிடவில்லை. மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைப் பல ஆண்டுகள் வெள்ளையர் என்றே நினைத்துக் கேட்டவர்கள் உண்டு. நீங்களும் முதல் முறை பெயர்களைத் தேடாமல் கேளுங்கள். பிறகு ‘கானன்பால் ப்ளூஸ்’. அதற்குப் பிறகு லெஸ்லி ரிடில்: 1960-களில் இசைக்கலைஞர் மைக் சீகர் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்தவை, ரிடில் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1993-இல்தான் தனித் தொகுப்பாக வெளிவந்தன. அதில் கரகரப்பு இல்லை. விரல்கள் கம்பியைத் தொடும் சத்தம்கூடக் கேட்கும்.