சீமைக் கருவேலத்தை இலவசமாக வெட்டித் தருகிறேன் என்பவரை நம்பலாமா?

முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா காலத்துக்குப் பிறகு உழவே இல்லாமல் தரிசாகிவிட்ட நிலத்தில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. கரிமூட்டக்காரர் ஒருவர், "பணம் எதுவும் வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறாராம். ஜேசிபி வைத்தால் கையைக் கடிக்கும். எது சரி என்று கேட்கிறார்.

இலவசமாக வெட்டுகிறேன் என்பவர் தரையோடு வெட்டிவிட்டு, தூரை, அதாவது மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டையை, விட்டுவிட்டுப் போவார். இந்த மரத்தின் உயிர் அந்தத் தூரில்தான் இருக்கிறது. மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டியதும், ஒற்றைத் தண்டாக இருந்த இடத்தில் பல கொப்புகள் புதராகக் கிளம்பும். சில ஆண்டுகள் கழித்து அதே ஆள் மறுபடியும் "இலவசமாக" வெட்ட வருவார். உங்கள் நிலம் அவருடைய விறகுத் தோட்டமாகிவிடும்.

அதனால் ஒப்பந்தம் தூரோடு எடுப்பதற்குத்தான். குறைந்தது ஓர் அடி ஆழத்துக்கு வேர்க்கழுத்து வெளியே வர வேண்டும். தூர்க்கட்டையும் கரிமூட்டத்துக்குப் போகும், அதற்கும் காசு உண்டு. பேரம் பேசும்போது இதை அவர் சொல்ல மாட்டார், நீங்கள் சொல்லுங்கள். விறகின் விலையை ஜேசிபி வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி, எடை போடும்போது கூடவே நில்லுங்கள். எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, "சுத்தம் செய்கிறேன்" என்று மேல்மண்ணை வழித்து லோடு ஏற்றுவது. இத்தனை வருட இலைச்சருகு விழுந்து மட்கிய மண் அது, ஒரு கூடைகூட வெளியே போகக் கூடாது. மற்றொன்று, நாட்டு மரங்களையும் சேர்த்துச் சாய்ப்பது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளக் கதிர், காய் ஒடுக்கம் இல்லாமல் வெளிர்மஞ்சளாகப் பழுக்கும். வேலை தொடங்கும் முன் நாட்டுக் கருவேலம், உடைமரம், பனை எல்லாவற்றுக்கும் அடையாளமாகச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கைக் கவனமாகப் பாருங்கள். கோடையில் மண் மேல் வெள்ளையாக உப்பு பூக்கிறதா? அப்படியானால் முழுவதையும் ஒரே மூச்சில் அழிக்காதீர்கள். நிழல் போனதும் வெயிலில் ஈரம் மேலேறும், உப்பும் கூடவே ஏறும். ஹரியானாவின் கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் களர் நிலத்தைத் திருத்த இந்த மரத்தையே பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. எனவே முதலில் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கீழே இறக்குங்கள். பிறகு துண்டு துண்டாக எடுங்கள். இந்த வருடம் எடுத்த துண்டில் பயிர் நின்ற பிறகுதான் அடுத்த துண்டு. மண் பரிசோதனை செய்யாமல் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

எடுத்தாயிற்று, சரி. அப்புறம்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஐப்பசி மழைக்கு முளைப்பதைச் சாணளவு வளரும் முன் ஈரத்தோடு பிடுங்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மறுபடியும் ஜேசிபிதான்.

எருவுக்காக உடனே ஆடு மாடுகளை நிலத்தில் அடைத்துக் கிடை போடாதீர்கள். காய் தின்ற ஆட்டின் புழுக்கையிலும் மாட்டின் சாணத்திலும் விதை முழுசாக வெளியே வந்து முளைக்கும். காய் உதிரும் கோடை மாதங்களில் கிடை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் நீங்கள் செய்தாலும், பக்கத்துக் கண்மாய் அப்படியேதான் நிற்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விறகுப் பஞ்சம் தீர அரசே பரப்பிய மரம் இது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. 2022இல் ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்றவென்று மாநில அரசு கொள்கையே வெளியிட்டது. ஆனால் கண்மாய் ஏலத்தில் இன்னும் விறகுக்குத்தான் விலை பேசுகிறார்கள். தூரை யார் எடுப்பது, முளைத்து வருவதை யார் பிடுங்குவது என்று கேட்டால், ஊராட்சி நீர்வளத் துறையைக் கைகாட்டும், அவர்கள் வருவாய்த் துறையைக் காட்டுவார்கள்.

அடுத்த கிராமசபையில், ஏல நிபந்தனையில் "தூரோடு" என்ற சொல்லைச் சேர்க்கத் தீர்மானம் போடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். உங்கள் பட்டா நிலத்தில் வேலையைச் சித்திரை, வைகாசியிலேயே முடித்து, கோடை உழவு போட்டு, முதல் பட்டத்தில் குதிரைவாலி விதையுங்கள்.