ஒன்றரை சென் கொடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இதழாசிரியர்களைப் பற்றிய உங்கள் உரையில் ஜப்பானின் ஹனமோரி யசுஜியைக் குறிப்பிட்டீர்கள். விளம்பரமே வாங்காமல், பத்து லட்சம் பிரதியை நெருங்கிய பத்திரிகையை நடத்தியவர் என்றீர்கள். ஆர்வத்தில் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். குழப்பம்தான் மிச்சம். போர்க்காலத்தில் அவர் அரசுப் பிரச்சாரத்தில் வேலை பார்த்திருக்கிறார். ‘வெல்லும்வரை எதையும் விரும்ப மாட்டோம்’ என்ற முழக்கத்தை எழுதியவரே அவர்தான் என்கிறார்கள். போர் முடிந்ததும் அதே மனிதர் நல்ல உடை தைப்பது எப்படி, நல்ல டோஸ்டர் எது என்று சொல்லித்தர வந்துவிட்டார். காற்று அடிக்கும் பக்கம் சாய்வது இதுதானே? இன்னொரு சந்தேகம். டோஸ்டரைச் சோதித்து எழுதியவருக்கு இலக்கியப் பரிசு எப்படிக் கொடுத்தார்கள்?

எம்., கும்பகோணம்

அன்புள்ள எம்.,

முழக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். அது 1942-இல் நடந்த ஒரு போட்டியில் தேர்வானது. பள்ளிச் சிறுமி ஒருத்தியின் பெயரில் வந்த வரி. போட்டியை நாளிதழ்களோடு சேர்ந்து நடத்தியது தாய்செய் யோகுசன்காய் என்ற அரசு ஆதரவு அமைப்பு. அதன் பிரச்சாரப் பிரிவில்தான் ஹனமோரி இருந்தார். எழுதியவர் அவரில்லை. ஆனால் ஊர் ஊராக அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த கைகளில் அவருடைய கையும் உண்டு. எழுதினாரா இல்லையா என்று வழக்காடி அவரைக் காப்பாற்ற நினைப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. அவரே அந்த வழியில் தப்பிக்க முயலவில்லை.

1911-இல் கோபேயில் பிறந்து, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் அழகியல் படித்தவர். ராணுவத்தில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியா போனார், காசநோயோடு திரும்பினார். அதன்பிறகுதான் பிரச்சார வேலை. போர் முடிந்தபின் ஓஹாஷி ஷிசுகோ என்ற இளம்பெண், பெண்களுக்குப் பயன்படும் ஒரு பத்திரிகை நடத்த வேண்டும் என்று அவரிடம் வந்தார். அப்போது ஹனமோரி சொன்னதை ஓஹாஷி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைப் பெரிதாக நினைக்காததால்தான் எல்லோரும் போரில் போய் விழுந்தார்கள், வீட்டில் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதகதப்பு இருந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். வரலாற்றுக் காரணமாக இது போதாது. நல்ல வீடும் வாசலும் இருந்தவர்களும் உற்சாகமாகப் போருக்குப் போன தேசங்கள் நிறைய. ஆனால் ‘ஆடம்பரமே எதிரி’ என்று நாடெங்கும் ஒட்டியிருந்த காலத்தில் பிரச்சாரம் செய்தவர் இதைச் சொன்னார் என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

1948-இல் ‘குராஷி நோ தெச்சோ’, அதாவது வாழ்க்கைக் குறிப்பேடு, தொடங்கியது. முதல் இதழ் பத்தாயிரம் பிரதி. பணம் இல்லாமல் தடுமாறிய நேரத்தில், 1949-இல், பேரரசரின் மூத்த மகளிடமிருந்தே செலவைச் சமாளிக்கும் பாடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வாங்கிப் போட்டார்கள். பத்திரிகை பிழைத்துக்கொண்டது. சாமர்த்தியம் என்றால் இதுதான் சாமர்த்தியம்!

1954-இல் குழந்தைகளுக்கான காலுறையில் பொருட்சோதனை ஆரம்பித்தது. பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள். முடிவை நிறுவனத்தின் பெயரோடு அச்சிடுவார்கள். விளம்பரம் வாங்காததால் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. 1969-இல் டோஸ்டர்களைச் சோதிக்க அவர்கள் வாட்டிய ரொட்டித் துண்டுகள் 43,088. மலைபோல் குவிந்த அந்த ரொட்டிகளின் படத்தையும் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இன்னும் சுவையான தகராறு ஒன்று. மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் போதும் என்று எழுதினார்கள். டோக்கியோ தீயணைப்புத் துறையோ போர்வையால் மூடத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. விவகாரம் முற்றி, கடைசியில் அரசின் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பார்க்கக் கொளுத்தியே பார்த்தார்கள். பத்திரிகை சொன்னதுதான் சரியாக வந்தது.

உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். முழக்கம் என்பது யாரும் சரிபார்க்க முடியாத வாக்கியம். அதைப் பரப்பி வாழ்ந்தவர், சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களை மட்டுமே வெளியிடும் பத்திரிகையை முப்பது வருடம் நடத்தினார். காற்றடிக்கும் பக்கம் சாய்பவருக்கு ஐம்பதுகளின் ஜப்பானில் வேறு நல்ல இடங்கள் இருந்தன. மின்சாதனக் கம்பெனிகள் விளம்பரத்துக்குக் காசைக் கொட்டிய காலம் அது. அவர்களைத்தான் இவர் பகைத்துக்கொண்டார்.

இலக்கியப் பரிசு டோஸ்டருக்காகக் கொடுத்ததில்லை. ‘ஒன்றரை சென் கொடி’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு யோமியுரி இலக்கியப் பரிசு கிடைத்தது. 1972-இல் மகசேசே விருதும் வந்தது, இரண்டு வருடம் கழித்து எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற அதே விருது. யென்னில் நூறில் ஒரு பங்கு சென். ஒன்றரை சென் என்பது போர்க்கால அஞ்சலட்டையின் விலை. உங்களுக்குப் பதில் ஆள் வேண்டுமென்றால் ஒன்றரை சென் அஞ்சலட்டையில் அழைத்தால் வந்துவிடுவான், குதிரை அப்படி வராது என்று படைமுகாமில் அதிகாரி சிப்பாய்களிடம் கத்துவாராம். 1970-இல் எழுதிய தலைப்புக் கட்டுரையில் ஹனமோரி அந்த விலையையே தன் பெயராக எடுத்துக்கொள்கிறார். நம் வாழ்க்கையும் கம்பெனியின் லாபமும் மோதினால் கம்பெனியைக் கவிழ்ப்போம், அரசோடு மோதினால் அரசைக் கவிழ்ப்போம், அதுதான் ஜனநாயகம் என்கிறார். பிறகு, படபடவென்று வந்த பேச்சு சட்டென்று இறங்கி, இப்போது ஏழு யென் ஆகிவிட்ட அஞ்சலட்டையில் உங்கள் குறையைத் தெளிவாக எழுதிப் போடுங்கள் என்கிறது. கந்தல் துணிகளை ஒட்டுப்போட்ட கொடிதான் இந்த ஒன்றரை சென் மனிதர்களுடையது. சின்னச் சின்ன வரிகள், பேச்சுமொழி, நடுவில் கோபம். பிரச்சாரக்காரரின் கை அதில் இன்னும் தெரிகிறது என்றால் மறுக்க மாட்டேன். எனக்கும் அந்த இடங்களில் கொஞ்சம் சத்தம் அதிகம் என்றுதான் தோன்றும்.

போரைப் பற்றி அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது 1968-இன் 96-வது இதழ். முழு இதழையும் வாசகர்களின் போர்க்கால நினைவுகளுக்கே கொடுத்துவிட்டார். எழுதிப் பழக்கமில்லாத கைகள். சாப்பிட்டதும், பறிகொடுத்ததும், குண்டுக்குப் பயந்து ஓடியதும்தான் விஷயம். இந்த இதழை மட்டும் எப்படியாவது அடுத்த தலைமுறைக்காக வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

தன் பங்கைப் பற்றி நெடுங்காலம் அவர் வெளிப்படையாகப் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கும் உறுத்தல்தான். 1971-இல் ஒரு வார இதழிடம் பேசினார். நான் போர்க்குற்றம் செய்தவன்தான், அன்று ஒன்றும் தெரியாமல் ஏமாந்தேன், ஆனால் அதற்காக மன்னிப்பு கிடைத்துவிடாது என்றார். இனி ஏமாற மாட்டேன், ஏமாறாதவர்களை அதிகமாக்குவேன், அந்த உறுதிக்காகத் தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். விடுதலை என்று சொல்லிக்கொள்ளவில்லை பாருங்கள். 1978 ஜனவரியில் இறக்கும்வரை பத்திரிகையின் அட்டைப்படத்தைக்கூடத் தானே வரைந்துகொண்டிருந்தார்.

தண்டனையை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று நீங்கள் சொன்னால், அதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த 96-வது இதழைப் பார்க்காமல் சொல்லாதீர்கள். ஜப்பானிய மொழி தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால், ஒரு பக்கமாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.