சரக்குப் போக்குவரத்து ஆய்வுக்கு நிறுவனங்கள் ஏன் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போகின்றன?

தரவும் பணமும் கையில் இருக்கும் நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இன்றைய லாரி இன்றே கிளம்பியாக வேண்டும். ஒரே கேள்வியோடு இரண்டு வருடம் உட்கார நேரமில்லை. ஆய்வாளர்களுக்கு நேரம் உண்டு, நிஜத் தரவுதான் கிடைக்காது.

2021-ல் அமேசானும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய போட்டியைப் பாருங்கள். அமெரிக்காவின் 5 பெருநகரப் பகுதிகளில் டெலிவரி ஓட்டுநர்கள் 2018-ல் உண்மையிலேயே போன 9,000-க்கும் மேற்பட்ட வழித்தடங்களை ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். அனுபவமுள்ள ஓட்டுநர் எந்த வரிசையில் போவார் என்று கணிக்க வேண்டும். அது பெரும்பாலும் மிகக் குறுகிய பாதையாக இருக்காது. வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்தத் தெருவில் எப்போது நெரிசல் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வென்ற அணி, ஒரு மண்டலத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் ஓட்டுநர்களின் பழக்கத்தைத் தரவிலிருந்து பிடித்து, விதிகளாக்கித் தன் கணக்கில் சேர்த்தது. ஓட்டுநரின் கைப்பழக்கத்தைக் கணிதம் மதித்துக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, சிக்கல் எங்கே வரும்? பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான். தரவு யாருக்குச் சொந்தம், முடிவுகளை எப்போது வெளியிடலாம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம், வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க, ஆய்வு செய்யும் மாணவர்களைக் கிடங்குக்குள் சில நாள் நிற்க விடுங்கள்.