கரையேறினால் அடுப்படி

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிறேன். விடியுமுன் சோறு பொங்கி வைத்துவிட்டுப் போனால், கரையேறியதும் மறுபடி அடுப்படிதான். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கேட்டால் செய்வார், குறை சொல்ல முடியாது. ஆனாலும் எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை. பாசிக்குப் போவதை நிறுத்திவிடட்டுமா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். கையில் சொந்தக் காசும், கூட வரும் பெண்களின் பேச்சும் மனசுக்குப் பெரிய தெம்பு. உங்களை வாட்டுவது கரையேறிய பிறகும் ஓயாத வேலை. 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். பல்பு மாட்டுவதை நாளைக்குத் தள்ளலாம். உலையைத் தள்ள முடியாது. மனசு களைப்பது அந்த இடத்தில்தான்.

'கேட்டால் செய்வார்' என்கிறீர்களே, அந்தக் கேட்பதும் ஒரு வேலைதான். எது தீர்ந்தது, எது எப்போது என்று நினைவில் வைத்திருப்பது நீங்கள். அதனால் உதவி கேட்காமல், ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். டிரம்மில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, தண்ணீர் வண்டி வரும் நேரம் விசாரிப்பது, குடத்தோடு போய் நிற்பது, வாரம் ஒருமுறை டிரம்மைக் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கடலில் இருக்கும் நாளுக்கு யார் என்பதையும் அவரே ஏற்பாடு செய்யட்டும். முதல் இரண்டு வாரம் குடம் கோணலாக இருந்தாலும் நீங்கள் போய்த் திருத்தாதீர்கள். பெரும்பாலும் ஏற்பாடு குலைவது இங்கேதான்: திருத்தினால் அவர் கைவிடுவார், வேலை உங்களிடமே திரும்பிவிடும்.

பாசி நாட்களில் உப்பு போகக் குளித்து, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து, காயத்துக்கு மருந்து போட்டு அரை மணி நேரம் படுத்த பிறகே அடுப்பு.

களைப்புக்கு ரத்தசோகையும் காரணமாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேண்டும். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் போல் தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 14416 கட்டணமில்லா மனநல உதவி எண், இரவு பகல் எப்போதும் பேசலாம்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் சும்மா இருக்கையில் வீட்டில் எல்லார் மீதும் எரிந்து விழுகிறேன். வீட்டு வேலை செய்தால் ஊர் சிரிக்குமோ என்றும் இருக்கிறது.
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: சம்பாத்தியம் நின்றால் 'நான் எதற்கு' என்ற எண்ணம் வரும், ஆண்களிடம் அது பெரும்பாலும் கோபமாகவோ குடியாகவோ வெளிப்படும். பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள், நீண்டால் இரவுத் தூக்கம் கெடும். வலை மராமத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, ஒருவேளைச் சமையலை உங்கள் பொறுப்பில் எடுங்கள். படகில் சோறு வடித்து மீன்குழம்பு வைக்கிற கைதானே? மீனை நீங்களே வாங்கி, ஆய்ந்து, சமைத்து, சட்டியையும் கழுவி வையுங்கள்.