பேரப்பிள்ளைகளோடு புதுச்சேரி, இரண்டே நாள்

ஐயா, முட்டிவலிக்கார வீட்டம்மாவையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குறைந்த செலவில் புதுச்சேரி பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், ஆனால் சனி ஞாயிறு வேண்டாம், அறை வாடகை தாறுமாறாக ஏறிவிடும். கடற்கரைச் சாலைக்கு நடக்கிற தூரத்தில் சாதாரண விடுதியாகப் பார்த்து, கீழ்த்தள அறை கேளுங்கள். இங்கே பர்ஸைக் காலி செய்வது ஆட்டோதான். சாயங்காலம் 6 மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகள் பாட்டுக்கு ஓடட்டும், நீங்கள் காந்தி சிலை பக்கம் சுண்டல் பொட்டலத்தோடு உட்காருங்கள். பகலுக்கு 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, நல்ல நிழல். மறுநாள் காலை கடலூர் பஸ் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்கினால் சுண்ணாம்பாறு படகுத்துறை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். அப்புறம், படகு கொண்டுவிடும் மணல்திட்டில் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடாதீர்கள், அலை இழுக்கும்.